3 நாளில் 20 வலிப்பு, பிறகு 6 வாரம் ஒன்றுமில்லை: பெண் குழந்தைகளுக்கு வரும் கொத்து வலிப்பு

கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மகளுக்கு இப்போது 16 மாதம். 11-வது மாதத்தில் சளிக் காய்ச்சலோடு முதல் வலிப்பு வந்தது. ஒன்றோடு நிற்காமல் 3 நாளில் 20 தடவைக்கு மேல் வந்திருக்கிறது. பிறகு 6 வாரம் எதுவுமில்லை, அப்புறம் மறுபடி அதே கதை. இப்போது மரபணுச் சோதனை முடிவு வந்து, பி.சி.டி.எச்.19 என்ற மரபணுவில் மாற்றம் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் கேட்பது: இந்த வலிப்பு மற்றதிலிருந்து எப்படி வேறுபடும்? ஏன் பெண் பிள்ளைகளுக்கு மட்டும்? "மருமகள் வழியில் வந்தது" என்று அவருடைய அம்மா சொல்வது சரியா? பத்துமலையில் மொட்டை போடுவதாக ஒரு வேண்டுதல் இருக்கிறது, போடலாமா?

தம்பி, முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. கோலாலம்பூரில் 26 வருடம் இ.இ.ஜி. எடுக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். குழந்தைகளின் தலையில் ஒயர் ஒட்டி, மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்துகொண்டே திரையையும் குழந்தையின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் என் பிழைப்பு. அதனால் மருந்து எத்தனை மில்லி என்று என்னிடம் கேட்காதீர்கள். வலிப்பு எப்படித் தொடங்கும், நடுவில் எப்படி இருக்கும், எப்படி அடங்கும் என்று கேட்டால் சொல்லத் தெரியும்.

இந்த நோயில் வலிப்பை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தால் எதுவும் பிடிபடாது. கொத்தாக எண்ண வேண்டும். "3 நாளில் 20, பிறகு 6 வாரம் இல்லை" என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியை எங்கள் அறையில் யாராவது சொன்னால், அதுவும் ஒரு வயதை ஒட்டிய பெண் குழந்தை என்றால், நாங்கள் நிமிர்ந்து உட்காருவோம். 2022-ல் உலக வலிப்பு நோய் நிபுணர்களின் சங்கம் நோய்களை வகைப்படுத்தியபோது இதற்கு வைத்த பெயரிலேயே "கொத்து" என்ற சொல் இருக்கிறது. வார்டில் நாங்கள் "கிளஸ்டர்" என்போம். "அந்தப் பாப்பா கிளஸ்டரில் இருக்கிறாள்" என்றால் அன்றைக்கு யாரும் சாப்பாட்டுக்குக் கூட நிம்மதியாகப் போக முடியாது என்று அர்த்தம்.

கொத்து எப்படி இருக்கும்? பெரும்பாலும் 6 மாதத்துக்கும் 3 வயதுக்கும் இடையில் முதல் கொத்து வரும். 10 மாதத்தை ஒட்டி வருவதுதான் அதிகம். ஒவ்வொரு வலிப்பும் குட்டையானது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், மிஞ்சினால் ஐந்து. ஆனால் ஒரு நாளைக்கு ஐந்து, பத்து, அதற்கு மேலும் வரும். இப்படி இரண்டு மூன்று நாள் ஓடும். சில பிள்ளைகளுக்கு ஒரு வாரம் தாண்டியும் இழுக்கும். பிறகு யாரோ குழாயை அடைத்த மாதிரி நின்றுவிடும். அடுத்த கொத்து வர வாரக் கணக்காகலாம், மாதக் கணக்காகலாம். முதல் கொத்துக்குக் காய்ச்சல்தான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். போகப் போகச் சாதாரண மூக்கொழுகலே போதும். காரணமே இல்லாமலும் வரும்.

இதில் ஆளை ஏமாற்றும் விஷயம் ஒன்று இருக்கிறது. கொத்தின் முதல் நாளில், இரண்டு வலிப்புக்கு நடுவில், குழந்தை நன்றாகவே இருப்பாள். பால் கேட்பாள், தாதியின் பெயர் அட்டையைப் பிடித்து இழுப்பாள். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் "பிள்ளைக்கு ஒன்றுமில்லையே, வீட்டுக்கு எழுதிக் கொடுத்துவிடுவார்கள்" என்பார்கள். சாயங்காலத்துக்குள் இன்னும் நான்கு வந்திருக்கும். இரண்டாம் நாள், மூன்றாம் நாள் ஆகும்போது வலிப்பும் மருந்தும் சேர்ந்து ஆளைத் துவள வைத்துவிடும். சில பிள்ளைகள் ஒரு பெரிய கொத்துக்குப் பிறகு அதுவரை பேசிய இரண்டு மூன்று வார்த்தையை மறந்துபோவார்கள், நடந்தவள் தவழ்வாள். பல சமயம் அது திரும்ப வந்துவிடும், ஆனால் நாளாகும்.

வலிப்பு என்றதும் கை கால் வெட்டி வெட்டி இழுப்பதுதான் நம் மனதில் வரும். மலாய்க்கார அண்டை வீட்டார் "சவான்" (மலாயில் வலிப்பு) என்றால் அவர்கள் நினைப்பதும் அதைத்தான். இந்த நோயில் அப்படியும் வரும். குறிப்பாகக் காய்ச்சலோடு வரும்போது உடம்பு முழுக்க விறைத்து உதறும். ஆனால் நான் அடையாளம் கண்டு பழகியது வேறொன்றை.

ஒரு குழந்தையைச் சொல்கிறேன். 14 மாதம். தலையில் ஒயர்கள், அதற்கு மேல் துணித் தொப்பி, அம்மா மடியில் உட்கார்ந்து பிஸ்கட்டைச் சப்பிக்கொண்டிருந்தாள். திடீரென்று பிஸ்கட் பிடித்த கை வாய்க்குப் பாதி வழியில் நின்றுவிட்டது. கண் அகன்றது. அறையின் மூலையில் எதையோ பார்த்தவள் மாதிரி ஓர் அலறல். பசிக்கு அழும் அழுகை வேறு, ஊசிக்கு அழும் அழுகை வேறு. அந்த இரண்டிலும் சேராத அலறல் அது. அம்மாவின் சட்டையை இரண்டு கையாலும் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். அம்மா "இங்கதாண்டா இருக்கேன்" என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறார், பிள்ளைக்குக் கேட்கவில்லை. உதடு வெளுத்தது, பிறகு லேசாக நீலம். வாய் எதையோ மெல்லுவது போல அசைந்தது. கை காலில் ஓர் உதறலும் இல்லை. 1 நிமிடம் 40 வினாடி. அப்புறம் உடம்பு தளர்ந்து, அப்படியே தூங்கிவிட்டாள். திரையில் வலது நெற்றிப் பொட்டுப் பக்கத்திலிருந்து அலை கிளம்பி வளர்ந்து அடங்கியிருந்தது. அரை மணி கழித்து இன்னொன்று. அதே கண், அதே அலறல். ஆனால் இந்தத் தடவை அலை இடது பக்கத்திலிருந்து கிளம்பியது.

அந்தப் பயம்தான் வலிப்பு. மூளையில் அச்சத்தை உண்டாக்கும் பகுதி, பொட்டுக்கு உள்பக்கமாக இருப்பது, அந்த மின்புயலில் மாட்டிக்கொள்கிறது. குழந்தை எதையும் பார்க்கவில்லை. ஆனால் அவள் பயம் உண்மையான பயம். இந்த நோய் உள்ள எல்லாக் குழந்தைக்கும் இது இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் கொத்தும் அலறலும் ஒரே பெண் குழந்தையிடம் சேர்ந்து இருந்தால், மரபணுச் சோதனைக்கு முன்பே அனுபவமுள்ள நிபுணர்களுக்குச் சந்தேகம் வந்துவிடும்.

நம் வீடுகளில் இதை என்ன சொல்வார்கள் என்று உங்களுக்கே தெரியும். "பிள்ளை எதையோ பார்த்துப் பயந்துட்டா." உடனே மந்திரித்த கயிறு, எலுமிச்சம்பழம், தண்ணீர் ஓதிக் கொடுப்பது. நான் கேலி செய்யவில்லை, என் மகளுக்கே கயிறு கட்டியவள்தான் நான். சொல்லப்போனால், பல டாக்டர்களுக்கு முன்னாலேயே பாட்டிதான் சரியாகக் கவனித்திருக்கிறார்: பிள்ளை பயப்படுகிறாள் என்று. கயிறு கட்டுங்கள், ஆனால் "ஒரே மாதிரி பயம், ஒரே நாளில் எட்டுத் தடவை" என்பதை மறக்காமல் டாக்டரிடமும் சொல்லுங்கள். நிறைய அம்மாக்கள் இதை வெட்கப்பட்டுக்கொண்டு சொல்வதே இல்லை. இழுத்ததை மட்டும் சொல்வார்கள்.

என் தப்பு ஒன்றையும் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச வருடத்தில், காய்ச்சல் வலிப்பு என்று ஒரு பெண் குழந்தையை அனுப்பியிருந்தார்கள். கொத்து முடிந்து 10 நாள் ஆகியிருந்தது. அரை மணி நேரம் பதிவு எடுத்தேன். அலைகள் கோடு போட்ட மாதிரி அழகாக இருந்தன. "இ.இ.ஜி. நன்றாக இருக்கிறது, கவலைப்படாதீர்கள்" என்று அந்த அம்மாவிடம் நானே சொல்லிவிட்டேன், சொல்வது என் வேலை இல்லை என்றாலும். அவர் நிம்மதியாகப் போனார். 3 மாதம் கழித்து ஒரே ராத்திரியில் 14 வலிப்போடு திரும்பி வந்தார். என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. இந்த நோயில் இடைவெளிக் காலத்தில் எடுக்கும் இ.இ.ஜி. சாதாரணமாக இருக்கலாம். எம்.ஆர்.ஐ. பெரும்பாலும் சாதாரணமாகவே இருக்கும். கொத்து நடக்கும்போது எடுத்தால்தான் அலைகள் மந்தமாகி, வலிப்பு கிளம்பும் இடம் தெரியும். உங்கள் மகளின் பழைய பதிவில் "நார்மல்" என்று எழுதியிருந்தால், அது பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை.

சரி, மற்ற வலிப்புகளிலிருந்து பிரித்துப் பார்ப்பது. சாதாரணக் காய்ச்சல் வலிப்பு, நம் ஆட்கள் ஜன்னி என்பது, 6 மாதத்துக்கும் 5 வயதுக்கும் இடையில் நிறையக் குழந்தைகளுக்கு வரும். ஆணுக்கும் வரும் பெண்ணுக்கும் வரும். பொதுவாக 24 மணி நேரத்தில் ஒன்றுதான், 15 நிமிடத்துக்குள் முடியும், பிள்ளை பழையபடி ஆகிவிடுவாள். அதே காய்ச்சலில் ஆறாவது ஏழாவது என்று போனால் அது வேறு கணக்கு.

இதோடு அதிகம் குழம்புவது டிராவெட் நோய்தான். அதுவும் முதல் வயதுக்குள், பெரும்பாலும் 6 மாதத்தை ஒட்டி, காய்ச்சலோடு தொடங்கும். ஆனால் அங்கே வலிப்பு நீளம்: அரை மணி தாண்டும், ஒரு பக்கக் கை கால் மட்டும் இழுக்கும், அடுத்த தடவை மறுபக்கம். கொஞ்சம் வளர்ந்ததும் வெட்டு வெட்டாகத் தூக்கிப்போடும் வகை சேர்ந்துகொள்ளும். உங்கள் மகளுடைய நோயில் அந்த வெட்டு வகையும், சட்டென்று விழுகிற வகையும் குறைவு. அரை மணி தாண்டும் வலிப்பும் அரிதுதான், ஆனால் வரவே வராது என்று இல்லை. டிராவெட்டுக்குப் பெரும்பாலும் எஸ்.சி.என்.1ஏ என்ற மரபணு காரணம். டிராவெட் மாதிரியே இருக்கிறது, ஆனால் அந்த மரபணு சரியாக இருக்கிறதே என்று மண்டையைக் குடைந்துகொண்டிருந்த பெண் பிள்ளைகளில் சிலருக்கு பி.சி.டி.எச்.19 மாற்றம் இருப்பதை 2009-ல் பாரிஸ் குழு ஒன்று காட்டியது. அதற்கப்புறம்தான் இந்தச் சோதனை பரவலாயிற்று. நான் வேலைக்குச் சேர்ந்தபோது இந்தப் பெயரே கிடையாது.

சி.டி.கே.எல்.5 என்று இன்னொன்றும் இருக்கிறது, அதுவும் பெண் குழந்தைகளிடம்தான் அதிகம். அது முதல் 3 மாதத்துக்குள்ளேயே தொடங்கிவிடும், மடிந்து மடிந்து விழும் வகை வலிப்பு வரும். தேடும்போது இரண்டும் கலந்து வரும், குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இப்போது ஏன் பெண்களுக்கு மட்டும் என்ற கேள்வி. எனக்குப் பிடித்த கேள்வியும் இதுதான், ஏனென்றால் படித்தவர்களையே இது பல வருடம் திணறடித்தது. 1971-ல் ஜூபர்க், ஹெல்மன் என்ற இரண்டு பேர் ஓர் அமெரிக்கக் குடும்பத்தைப் பற்றி எழுதினார்கள். அந்தக் குடும்பத்தில் பெண்களுக்கு மட்டும் சின்ன வயதில் வலிப்பு, ஆண்கள் நன்றாக இருக்கிறார்கள், ஆனால் அந்த ஆண்கள் வழியாகத்தான் அவர்களுடைய பெண் பிள்ளைகளுக்குப் போகிறது. எக்ஸ் குரோமோசோம் வழியாக வரும் நோய்களில் வழக்கம் நேர்மாறு: ஆணுக்கு ஒரே எக்ஸ், அதனால் அவன்தான் அடிபடுவான்; பெண்ணுக்கு இரண்டு, ஒன்று கெட்டாலும் மற்றது தாங்கும். இங்கே தலைகீழ். 2008-ல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு ஆராய்ச்சியாளர்கள் தலைமையில்தான் அந்த மரபணு எக்ஸில் இருக்கும் பி.சி.டி.எச்.19 என்று கண்டுபிடித்தார்கள்.

இந்த மரபணு செய்யும் புரதத்தின் வேலை, மூளை உருவாகும்போது ஒரு செல் பக்கத்துச் செல்லை அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்வதற்கு உதவுவது. கோலாட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வட்டமாக நின்று ஆடுகிறவர்கள் எல்லோரும் ஒரே தாளத்தில் அடித்தால் கோல் சரியாகச் சேரும். எல்லோரும் வேறொரு தாளத்துக்கு மாறினாலும், எல்லோரும் மாறியிருப்பதால் ஆட்டம் ஓடும். பாதிப் பேர் ஒரு தாளம், பாதிப் பேர் வேறு தாளம் என்றால்தான் கோல் விரலில் விழும். பெண்ணின் உடம்பில் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸில் ஒன்று அணைந்துவிடும். எது அணைவது என்பது செல்லுக்குச் செல் மாறும். அதனால் உங்கள் மகளின் மூளையில் இந்தப் புரதம் உள்ள செல்லும் இல்லாத செல்லும் கலந்து நிற்கின்றன. அந்தக் கலப்பில்தான் சிக்கல். உங்களிடம் இந்த மாற்றம் இருந்திருந்தால், உங்கள் மூளையில் எல்லாச் செல்லும் ஒரே மாதிரி. ஆட்டம் தட்டாது. விஞ்ஞானிகள் இப்போது அதிகம் ஏற்றுக்கொண்டிருக்கும் விளக்கம் இது. இதற்கு ஒத்தாசையாக இன்னொரு விஷயமும் உண்டு: அரிதாகச் சில ஆண் பிள்ளைகளுக்கு இந்த நோய் வருகிறது, அவர்களைச் சோதித்தால், உடம்பில் சில செல்லில் மாற்றம் உண்டு, சில செல்லில் இல்லை. அங்கேயும் இரண்டு தாளம்.

இங்கேதான் உங்கள் அம்மாவின் பேச்சுக்கு வருகிறேன். "எங்கள் பக்கம் யாருக்கும் வலிப்பு கிடையாது, என் மகன் கட்டுமஸ்தாக இருக்கிறான், அப்படியென்றால் அவள் பக்கம்தான்" என்ற கணக்கு இந்த நோயில் செல்லாது. இதைச் சுமந்துகொண்டு போகும் ஆண் கட்டுமஸ்தாகத்தான் இருப்பார். அவரிடம் இருந்தால், அவருடைய எல்லாப் பெண் பிள்ளைக்கும் அவருடைய ஒரே எக்ஸ் போய்ச் சேரும். மகன்களுக்குப் போகவே போகாது. அம்மாவிடம் இருந்தால், பிள்ளை ஆணோ பெண்ணோ, போவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மகனுக்குப் போனால் பொதுவாக அவனுக்கு நோய் வராது, அவன் மகளுக்கு வரலாம்.

இதற்கெல்லாம் மேலே, ஏறக்குறைய பாதிக் குழந்தைகளில் அப்பா அம்மா இருவரிடமுமே இந்த மாற்றம் இருக்காது. கரு உண்டாகும்போது புதிதாக வந்தது. யாரும் யாருக்கும் கொடுக்கவில்லை. அதனால் நீங்களும் உங்கள் மனைவியும் ரத்தம் கொடுத்துச் சோதிக்காமல் இது யார் வழி என்று யாராலும் சொல்ல முடியாது, உங்கள் அம்மா உட்பட. கோலாலம்பூரில் இருக்கிறீர்கள், இதற்கு உங்களுக்கு வசதி: பெரியாஸ்பத்திரியில் மரபியல் பிரிவு இருக்கிறது, மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் பார்க்கிறார்கள். அடுத்த பிள்ளையைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் அங்கே ஒரு தடவை உட்கார்ந்து பேசிவிடுங்கள். இருவர் ரத்தத்திலும் இல்லை என்று வந்தாலும், கருமுட்டையிலோ விந்திலோ கொஞ்சம் ஒளிந்திருக்கும் சின்ன வாய்ப்பு உண்டு, அதையும் விளக்குவார்கள்.

ஒருவேளை உங்களிடமே இருப்பதாக வந்தால், அது உங்களுக்கு உங்கள் அம்மாவிடமிருந்து வந்திருக்கலாம், அல்லது உங்களிடம் புதிதாகத் தொடங்கியிருக்கலாம். மாற்றம் உள்ள பெண்களில் கொஞ்சம் பேருக்கு வலிப்பே வராது. சிலருக்குச் சின்ன வயதில் வந்து நின்றிருக்கும், வீட்டில் "சின்னதில் ஜன்னி கண்டு பிழைச்ச பிள்ளை" என்று ஒரு வரியோடு மறந்திருப்பார்கள். நான் பார்த்த ஒரு குடும்பத்தில் இந்த வரியைச் சொன்னது அத்தை. மருமகளைச் சாடிக்கொண்டிருந்த பாட்டி அன்றைக்கு டாக்டர் அறையை விட்டு வெளியே வந்து, படிக்கட்டில் உட்கார்ந்து ரொம்ப நேரம் பேசவில்லை. மருமகள்தான் போய் மைலோ வாங்கிக் கொடுத்தார். உங்கள் அம்மாவிடம் இதைச் சொல்லும்போது பார்த்துச் சொல்லுங்கள். பழியை இந்தப் பக்கத்திலிருந்து எடுத்து அந்தப் பக்கம் வைப்பதால் யாருக்கும் லாபமில்லை.

வீட்டில் என்ன செய்வது? வலிப்பு வந்தால் தரையில் பக்கவாட்டில் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், இரும்புச் சாவியைத் தேடி ஓடாதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினால், அல்லது மூச்சு சரியில்லை என்றால், 999. இது எல்லா வலிப்புக்கும் பொது.

இந்த நோய்க்கென்று தனியாக வேண்டியது, கொத்துக்கான திட்டம். ஒவ்வொரு வலிப்பும் இரண்டு நிமிடத்தில் முடிவதால் 5 நிமிடக் கணக்கு மட்டும் உங்களுக்குப் போதாது. எத்தனையாவது வலிப்பில் அவசர மருந்து கொடுப்பது, எத்தனையாவதில் மருத்துவமனைக்குக் கிளம்புவது என்று உங்கள் நிபுணரிடம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆசன வாயில் கொடுக்கும் டயசெபாமோ, கன்னத்துக்குள் விடும் மிடசோலமோ, எது உங்களுக்கு என்று அவர் சொல்வார். அந்தத் தாளை ஒரு நகல் எடுத்து மகளின் பையில் வையுங்கள். தாஸ்காவில் (குழந்தைக் காப்பகத்தில்) விட்டால் ஆசிரியையிடம் ஒன்று. அவசர சிகிச்சைப் பிரிவில் ராத்திரி 2 மணிக்கு இருக்கும் இளம் டாக்டர் இந்த நோயின் பெயரைக் கேள்விப்பட்டிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. அந்தத் தாள் உங்களுக்காகப் பேசும்.

போனில் படம் எடுங்கள். முகம், இரண்டு கை, இரண்டும் தெரிய வேண்டும். நேரத்தை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எடுத்தால் இன்னும் நல்லது. கண் எந்தப் பக்கம் போனது, நிறம் மாறியதா, அலறினாளா, கூப்பிட்டால் திரும்பினாளா. எங்களுக்கு ஒரு மணி நேர இ.இ.ஜி. சொல்லாததை ஒரு நிமிட வீடியோ சொல்லியிருக்கிறது.

எழுதி வைப்பதற்கு எத்தனையோ ஆப் இருக்கிறது. நான் பார்த்ததில் சிறந்தது ஒரு பிரிக்பீல்ட்ஸ் அம்மாவுடையது. அடுப்படியில் மாட்டும் மாதக் காலண்டர். ஒவ்வொரு வலிப்புக்கும் அந்தத் தேதியில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு. காய்ச்சல் இருந்தால் பக்கத்தில் ஒரு கறுப்புப் பொட்டு. கிளினிக்குக்கு வரும்போது ஆறு மாதத் தாளையும் கிழித்துச் சுருட்டிக்கொண்டு வந்து மேசையில் விரித்தார். தூரத்திலிருந்து பார்த்தாலே தெரிந்தது: ஜனவரியில் ஒரு கொத்து, மார்ச்சில் ஒரு கொத்து, மேயில் ஒன்று, ஆனால் மேயில் பொட்டு பாதிதான். புது மருந்து வேலை செய்கிறது என்று நிபுணர் அதைப் பார்த்துத்தான் சொன்னார். "மாதத்துக்கு எத்தனை வலிப்பு" என்று மட்டும் எழுதியிருந்தால் ஏப்ரலில் குணமாகிவிட்டது, மேயில் கெட்டுவிட்டது என்றுதான் தோன்றியிருக்கும்.

இதனால்தான் இடைவெளியில் மருந்தை நிறுத்தக் கூடாது என்று தலையில் அடித்துக்கொண்டு சொல்கிறேன். 6 வாரம் ஒன்றும் இல்லையென்றால் குணமாகிவிட்டது என்று நம்பத் தோன்றும். அந்த 6 வாரத்தில் யாராவது சொன்ன பத்தியம் இருந்திருந்தால், பெயர் அதற்குப் போகும். தடுப்பூசியையும் நீங்களாகவே தள்ளிப்போடாதீர்கள். ஊசிக்குப் பின் வரும் காய்ச்சல் கொத்தைக் கிளப்பக்கூடும் என்பது உண்மை, அதனால் எப்போது, எந்த ஏற்பாட்டோடு போடுவது என்று நிபுணரிடமே கேளுங்கள். காய்ச்சல் மருந்து பிள்ளைக்கு இதமாக இருக்கும், கொடுங்கள். அது வலிப்பைத் தடுத்துவிடும் என்று மட்டும் நம்பி அசந்துவிடாதீர்கள்.

மருந்தைப் பற்றி ஒரே ஒரு சொல். குளோபசாம் இந்த நோயில் பலருக்கு உதவுகிறது, அதனால் உங்கள் சீட்டில் அந்தப் பெயர் இருந்தால் ஆச்சரியமில்லை. கொத்து அடங்காதபோது சில நிபுணர்கள் கொஞ்ச நாளைக்கு ஸ்டீராய்டு கொடுப்பதும் உண்டு. கனாக்சலோன் என்ற மருந்தைப் பற்றி வாட்ஸ்அப்பில் உங்களுக்கு வந்திருக்கும் அல்லது வரும். அது 2022-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது சி.டி.கே.எல்.5 நோய்க்கு. பி.சி.டி.எச்.19 பிள்ளைகளிடம் செய்த சோதனையில் உறுதியான பலன் நிரூபணமாகவில்லை.

வளர வளர என்ன ஆகும் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்திருக்கும். கொத்துகள் பொதுவாக வயது ஏற ஏற விலகி விலகிப் போகும். பூப்பெய்தும் பருவத்தையொட்டிப் பலருக்கு மிகவும் குறைந்துவிடும், சிலருக்கு நின்றேவிடும். ஆனால் வலிப்பு இந்த நோயின் ஒரு பாதிதான். பாதிக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குக் கற்பதில் ஏதோ ஓர் அளவில் சிரமம் இருக்கும். லேசாகவும் இருக்கலாம், கடுமையாகவும் இருக்கலாம். ஆட்டிசம் சார்ந்த குணங்கள், ஓரிடத்தில் நிற்காத துறுதுறுப்பு, சட்டென்று பொங்கும் கோபம், இதெல்லாம் பலருக்கு வரும். வலிப்பு நின்ற பிறகும் இது இருக்கும் என்பதால், பெரிய பெண்களின் அம்மாக்கள் "வலிப்பே பரவாயில்லை" என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். இன்னொரு பக்கம், சாதாரணமாகப் படித்து வேலைக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். 16 மாதத்தில் உங்கள் மகள் எந்தப் பக்கம் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் காத்திருக்காமல் பேச்சுப் பயிற்சி, கைத்திறன் பயிற்சிக்கு இப்போதே பெயர் கொடுங்கள், வரிசை நீளம். தேவைப்பட்டால் சமூகநல இலாகாவில் மாற்றுத்திறனாளிகளுக்கான ஓ.கே.யு. அட்டை எடுக்கத் தயங்காதீர்கள், "பெண் பிள்ளைக்கு அந்த அட்டையா, நாளைக்குக் கல்யாணம்..." என்று யாராவது தொடங்கினால், தாஸ்காவுக்கே போகாத பிள்ளைக்குக் கல்யாணப் பேச்சு எதற்கு என்று கேளுங்கள்.

கடைசியாக மொட்டை. தாராளமாகப் போடலாம். சவரக் கத்தியால் வலிப்பு வராது. தைப்பூசக் கூட்டத்தில் வேண்டாம், சாதாரண நாளில் வெயில் ஏறுவதற்கு முன் போங்கள். அன்று காலை உடம்பு சூடாக இருந்தால் தள்ளிப்போடுங்கள், அவசர மருந்து கையில் இருக்கட்டும். காது குத்துவதையும் அதே நாளில் வைத்து 272 படிக்கு மேலே பிள்ளையை அலறவிடாதீர்கள். அந்த அலறல் வலியா வலிப்பா என்று உங்களுக்கே சந்தேகம் வந்துவிடும்.

அடுத்த இ.இ.ஜி. தேதி மொட்டைக்குப் பிறகு என்றால் இன்னும் நல்லது. நம் பிள்ளைகளின் தலையில் எண்ணெய் போகத் தேய்த்துத் தேய்த்தே என் விரல் ரேகை அழிந்திருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கில் ஒயர் நிற்காது. மொட்டைத் தலையில் பளிச்சென்று ஒட்டும். சந்தனத்தை மட்டும் நன்றாகக் கழுவிவிட்டுக் கூட்டிக்கொண்டு போங்கள்.